பொங்கலோடு நின்றுபோகாத நடை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஜனவரி முதல் வாரத்தில் தியாகராய நகர் நடேசன் பூங்காவுக்கோ கோவை ரேஸ்கோர்ஸுக்கோ காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்த ஷூ, மடிப்புக் கலையாத டிராக் பேண்ட், கையில் அடி எண்ணும் வாட்ச். பொங்கல் முடிந்து தெருவோரத்துக் கரும்புச் சக்கையைக் குப்பை வண்டி அள்ளிப் போகும் நாட்களில் அந்தப் புது முகங்கள் மெல்லக் குறையும். வருஷக்கணக்காக வருகிறவர்கள் மட்டும் பழைய சட்டையும் தேய்ந்த செருப்புமாக வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

நின்றுபோனவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் போட்டது நல்ல நாளுக்கான திட்டம். ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், மழை பெய்யக்கூடாது, வீட்டுக்கு விருந்தாளி வரக்கூடாது, அலுவலகத்தில் ஆடிட் இருக்கக்கூடாது. இத்தனையும் கூடிவரும் நாள் மாதத்தில் எத்தனை? இந்தப் பட்டியல் மோசமான நாட்களை மனதில் வைத்து எழுதியது. நாற்பதைத் தாண்டி, ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர் "கொஞ்சம் நடங்க" என்று சொல்லி அனுப்பியவர்களுக்கு முக்கியமாக.

எவ்வளவு நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் மிதம். இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்த அளவை எட்டவில்லை என்கிறது 2022-ஆம் ஆண்டுக்கான கணிப்பு. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். அந்த இடைவெளிக்குக் கடைசியில் வருகிறேன்.

செய்ய வேண்டியவை

நாளையும் நேரத்தையும் இடத்தையும் எழுதி வையுங்கள். "இனிமேல் நடக்கணும்" என்பது ஆசை. "செவ்வாய், வியாழன், சனி, காலை 6.15, தெப்பக்குளத்தைச் சுற்றி" என்பது திட்டம். இரண்டுக்கும் உள்ள தூரத்தை இங்கிலாந்தில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவுக்கு மாரடைப்பு அபாயம் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதையே கொடுத்து, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் உடற்பயிற்சி செய்யப் போகிறோம் என்று எழுதவும் வைத்தார்கள். எழுதியவர்களில் 91 சதவீதம் பேர் சொன்னபடி செய்தார்கள். மாரடைப்பைப் பற்றிப் படித்ததோடு நின்றவர்களில் 35 சதவீதம். இரண்டும் இல்லாமல் சும்மா விடப்பட்டவர்களில் 38. அதாவது பயமுறுத்தியதால் பைசா பிரயோஜனம் இல்லை. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் போதும், இன்று ராத்திரியே எழுதலாம்.

ஏற்கெனவே தவறாமல் செய்யும் வேலை ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். பையனைப் பள்ளி வேனில் ஏற்றிவிடத் தெருமுனை வரை வருவார். வேன் கிளம்பியதும் வீட்டுப் பக்கம் திரும்பமாட்டார். நேரே நடந்து கோயில் குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வழியில் கீரைக் கட்டு ஒன்று வாங்கிக்கொண்டுதான் வீடு. நடக்கப் போகலாமா வேண்டாமா என்ற கேள்வியே அவருக்குக் காலையில் எழுவதில்லை. வேன் வந்தால் நடை. பள்ளி விடுமுறையில் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார். அதற்காக மே மாதத்தில் பால் வாங்கப் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொள்வார். ஷூ கிடையாது. வாட்ச் கிடையாது.

லண்டன் மாடி பஸ்களில் நடந்த ஆய்வு ஒன்று 1953-இல் வெளியானது. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவரின் தலைமையில் நடந்தது. ஒரே பஸ்ஸில் வேலை பார்த்த இருவரில், உட்கார்ந்தே ஓட்டிய டிரைவரைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டருக்கு இதயநோய் குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆராய்ச்சிக்கே அது ஒரு தொடக்கம். அந்தக் கண்டக்டர் ஒருநாளும் உடற்பயிற்சி செய்யவேண்டும் என்று சபதம் எடுத்திருக்கமாட்டார் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

இரண்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாளுக்கு முழு அளவு, அரை மணியோ முக்கால் மணியோ. மோசமான நாளுக்குக் குறைந்த அளவு, பத்து நிமிடம். ஜுரம் இல்லாத எந்த நாளிலும் செய்ய முடிகிற அளவுக்கு அந்தக் குறைந்த அளவு சின்னதாக இருக்க வேண்டும். "பத்து நிமிஷத்துல என்ன ஆயிடப் போகுது" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களை வைத்து நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடந்ததைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைவாக இருந்தது. பலன் அதிகம் தெரிந்தது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. பகலெல்லாம் பட்டும் படாமலும் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்குத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு உட்காரும் நம் வீடுகளுக்கு இது அளவெடுத்துத் தைத்த செய்தி. தொடர்ந்து பத்து நிமிடம் நடந்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது.

மழைக்கும் வெயிலுக்கும் இப்போதே மாற்று ஏற்பாடு செய்யுங்கள். சென்னையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. மே மாதக் கத்திரியில் ஏழரை மணிக்கே தார்ச்சாலை சுட ஆரம்பிக்கும். வருஷத்தில் நாலு மாதம் வெளியே நடக்கத் தோதில்லை என்று ஆன பிறகு, அந்த நாலு மாதத்தை எதிர்பாராத தடங்கல் என்று சொல்வது நியாயமா? மழைக்காலத்துக்கு வீட்டுக் கூடம், அடுக்குமாடியின் படிக்கட்டு, கூரை போட்ட கார் நிறுத்துமிடம். கோடையில் விடிவதற்குச் சற்று முன்போ, வெயில் தாழ்ந்த பிறகோ. மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடக்கும் வழக்கம் நம் ஊரில் பரவியிருக்கிறது. அந்த எட்டுக்கென்று தனி மகிமை இருப்பதாக வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் தள்ளிவிடுங்கள்; சின்ன இடத்தில் நிற்காமல் நடக்க அது வசதி, அவ்வளவுதான். ஆனால் மழை ஓய்ந்த பாசி பிடித்த மாடியில் எதையும் போடாதீர்கள்.

2023-இல் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது. நல்ல முயற்சி. புதிதாகத் தொடங்குகிறவர் அதில் முதல் நாளே எட்டையும் நடந்து முடிக்க நினைக்க வேண்டாம்.

தசைக்கும் வேலை கொடுங்கள். நடப்பவர்கள் கோட்டை விடும் இடம் இது. நாற்பதுக்கு மேல் தசை சிறிது சிறிதாகக் கரையும். அதை நடை மட்டும் தடுத்து நிறுத்தாது. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இந்த மண்ணில் புழங்கிய பயிற்சிகள்தான், ஜிம் வந்த பிறகுதான் நாம் அவற்றை மறந்தோம். எளிய தொடக்கம்: கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்காருவது, பத்து முறை. சுவரில் கைவைத்துத் தண்டால், பத்து முறை. முட்டி இடம் கொடுத்தால் தோப்புக்கரணம். வாரம் இரண்டு நாள். அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்று பழகுவதையும் சேர்த்துக்கொண்டால், குளியலறையில் விழாமல் இருக்க உதவும்.

ஒரு துணை தேடுங்கள். "நேத்து ஏன் சார் வரலை?" என்று கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும். அவர் பெங்களூருவில் இருக்கும் மகன் வீட்டுக்கு இரண்டு மாதம் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள்.

பிடித்த ஒன்றை நடைக்கென்று ஒதுக்குங்கள். இளையராஜா பாட்டோ, விறுவிறுப்பான ஆடியோ நாவலோ, நடக்கும்போது மட்டும்தான் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாவலை ஜிம்மில் மட்டுமே கேட்கலாம் என்றதும் வருகை நன்றாக ஏறியது. நடுவில் வந்த விடுமுறைக்குப் பிறகு அந்த வேகம் வடிந்துவிட்டது. ஆகவே இது தொடக்கத்துக்கு உதவும், காலமெல்லாம் தாங்காது. சாலையோரம் நடப்பவர்கள் ஒரு காதையாவது ஹாரனுக்கு விட்டுவைக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

21 நாள் கணக்கை நம்பாதீர்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தன் புது முகம் நோயாளிக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். அதில் "குறைந்தது" என்பது காலப்போக்கில் உதிர்ந்துபோய், எந்தப் பழக்கத்துக்கும் 21 நாள் போதும் என்று ஆகிவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு சொன்னது வேறு: ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற சின்னப் பழக்கங்களைவிட உடற்பயிற்சிக்குத்தான் கூடுதல் காலம் பிடித்தது. 22-ஆம் நாள் காலையில் போர்வையை விட்டு எழப் பிடிக்கவில்லை என்றால் உங்களிடம் குறை ஒன்றுமில்லை. பாதி வழிகூட வரவில்லை, அவ்வளவே.

ஒரு நாள் விட்டதற்காக மூட்டை கட்டாதீர்கள். நமக்கு இது கொஞ்சம் கஷ்டம். ஒரு மண்டலம் என்றால் 48 நாள், நடுவில் தவறினால் பலனில்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மனசோடுதான் நடைக்கும் போகிறோம். வியாழக்கிழமை விட்டுப்போனால் "சரி, அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிலேர்ந்து" என்கிறோம். உடற்பயிற்சியை விரதத்தோடு சேர்க்காமல் சமையலோடு சேர்த்துப் பாருங்கள். ஒருநாள் குழம்பு தீய்ந்தது என்று யாரும் அடுப்பை மாதக் கடைசி வரை மூடி வைப்பதில்லை. மேலே சொன்ன லண்டன் ஆய்விலும் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அமெரிக்காவில் 61,000-க்கும் மேற்பட்ட ஜிம் உறுப்பினர்களிடம் 54 வகை உபாயங்களைச் சோதித்து 2021-இல் வெளியான ஆய்வில் முன்னால் நின்றது எது தெரியுமா? வராமல் போனவர் திரும்பி வந்தால் அவருக்குக் கூடுதலாகச் சில சில்லறைக் காசு. பெரிய பரிசு கொடுத்த திட்டங்களைக்கூட அது முந்தியது. தவறுவது நிச்சயம், திரும்பி வருவதற்குத்தான் ஏற்பாடு வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை விடக்கூடாது என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும்.

முதல் நாளே ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். "காசு கட்டினா போயிடுவோம்" என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் கணக்கு. அமெரிக்க ஜிம்களின் வருகைப் பதிவேடுகளை ஆராய்ந்து பொருளாதார அறிஞர்கள் இருவர் 2006-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, ஜிம்முக்குப் போகாமல் இருக்கக் காசு கட்டுவதைப் பற்றியதுதான். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் நாலு தடவைக்குச் சற்று அதிகமாக வந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அங்கேயே பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். புத்தாண்டுச் சலுகை என்று பேனர் கட்டும் இடங்களில் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டிப் போய்வாருங்கள். வருகிற ஆள் என்று உங்களுக்கே உறுதியான பிறகு ஆண்டுச் சந்தாவைப் பற்றிப் பேசலாம்.

பத்தாயிரம் அடியைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். அது மருத்துவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொன்ன எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்பனைக்கு விட்ட அடி எண்ணும் கருவிக்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பெயர் வைத்தது. பெயர் கருவியைத் தாண்டி உலகம் சுற்றியது. வயதான அமெரிக்கப் பெண்களை வைத்து ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் வெளியிட்டதில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500-ஐ ஒட்டி அந்தப் பலன் ஒரு நிலைக்கு வந்து நின்றது. இப்போது நீங்கள் நடப்பதைவிட ஆயிரம் அடி கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ச்சைத் திருப்திப்படுத்தக் கட்டிலைச் சுற்றி வரும் வேலை வேண்டாம்.

முதல் வாரத்தில் பாயாதீர்கள். புதுப் பயிற்சியின் தசை வலி உடனே தெரியாது. ஒருநாள் கழித்து ஏறி, மூன்றாம் நாள் வரை படிக்கட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கும். வீராவேசமாகத் தொடங்கியவர்கள் பலர் நிற்பது அந்த மூன்றாம் நாளில்தான். குதிகால் வலி வந்துவிட்டால் மாதக்கணக்கில் படுத்தும். "இன்னும் கொஞ்சம் நடக்கலாமே" என்று தோன்றும்போதே முதல் இரண்டு வாரமும் வீடு திரும்பிவிடுங்கள். பாதத்தில் மதமதப்பு உள்ள சர்க்கரை நோயாளிகள் மட்டும் தேய்ந்த செருப்போடும் வெறுங்காலோடும் நடக்கவே கூடாது. முள் குத்தினாலும் தெரியாது.

எடைக் கருவியை நீதிபதி ஆக்காதீர்கள். அரை மணி நடையில் செலவாவதை, நடந்து முடித்ததும் பூங்கா வாசலில் சாப்பிடும் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் திருப்பிக் கொடுத்துவிடும், வட்டியோடு. அருகம்புல் ஜூஸ் குடித்துவிட்டு வடை சாப்பிட்டாலும் கணக்கு அதேதான். எடை பெரும்பாலும் சாப்பாட்டு விவகாரம். நடையின் பலன் தூக்கத்திலும் ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மூச்சு வாங்காமல் மாடி ஏறுவதிலும் தெரியும். எடைக்காக மட்டும் நடப்பவர் பிப்ரவரியில் முள் நகராததைப் பார்த்து நின்றுவிடுவார்.

உடம்பு சொல்வதை மீறாதீர்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்தை மீறிய மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் எது வந்தாலும் அங்கேயே நின்று உட்காருங்கள். ஓய்ந்தும் போகவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். "கேஸ் டிரபிளா இருக்கும்" என்று சோடா வாங்கிக் குடித்து நேரத்தைக் கடத்த வேண்டாம். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் சட்டைப் பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் உடனே வாயில் போட வேண்டும்.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்று சொல்லாதீர்கள். இதை ஆண்களுக்குச் சொல்கிறேன். மூச்சு வாங்கும்படி மாடிப்படி கழுவினால் அது உடற்பயிற்சியில் சேரும், சந்தேகமில்லை. அடுப்புக்கு முன்னால் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நிற்பது சேராது. அது காலை வீங்க வைக்கும் வேலை. காலை ஆறு மணிக்கு ஐயா நடைக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் உள்ளே குக்கர் ஏறுகிறது, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிறார்கள், தண்ணீர் பிடிக்கிறார்கள். அவர் வேர்வையோடு திரும்பும்போது காபி தயாராக இருக்கிறது. மாலையில் அம்மாவுக்கு நேரம் கிடைக்கும்போது இருட்டிவிடுகிறது. தெருவிளக்கு எரியாத சந்து, துரத்தும் நாய், கழுத்துச் சங்கிலி பற்றிய பயம். 57-க்கும் 42-க்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். மோசமான நாளுக்குத் திட்டமிடுங்கள் என்று நான் சொன்னேனே, பல வீடுகளில் பெண்களுக்கு ஏழு நாளும் அந்த நாள்தான்.

அவர்களுக்குப் புது ஷூ வாங்கிக் கொடுப்பதோ ஊக்கமாக நாலு வார்த்தை சொல்வதோ பெரிய உதவி ஆகாது. வேண்டியது காலையில் அரை மணி நேரம், யாரும் கூப்பிடாத அரை மணி நேரம். வாரத்தில் மூன்று நாள் நீங்கள் நடங்கள். மற்ற மூன்று நாள் குக்கரையும் டிபன் பாக்ஸையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் போய் நடந்துவிட்டு வரட்டும். அவர் திரும்பி வரும்போது காபியையும் நீங்களே போட்டு வையுங்கள்.